மெஹ்ரின் படிக்காத பத்திரம்

ரஹீமைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருடைய தம்பிகள் இருவரும் உருகிவிடுவார்கள். மலைமேல் அரவேணு ஊரிலிருக்கும் தோட்டத்தில் அண்ணன் பிடுங்கித் தந்த கேரட், காட்டுமாடு வந்தால் தகரத்தைத் தட்டி விரட்டிய தைரியம், கல்யாணமே வேண்டாமென்று தங்களைப் படிக்க வைத்த மனசு என்று நினைவுகளுக்குக் குறைச்சலே இல்லை. அப்படி உருகிய நெஞ்சோடுதான் அந்த ஒன்றரை ஏக்கரையும் விற்றார்கள்.

இறந்துபோன தகப்பனார் பெயரில்தான் நிலம் இருந்தது. நாற்பது வருஷம் அதில் பாடுபட்டவர் ரஹீம் மட்டுமே. காய்ந்துபோன தேயிலைச் செடியைக்கூடக் கவாத்து வெட்டித் துளிர்க்க வைத்துவிடுவார். விற்பதற்கு அவர் கையெழுத்து வேண்டும். கேட்டால் தாம்தூம் என்று குதிப்பார். அதனால் சின்னத் தம்பி இலியாஸ், தன் மகள் மெஹ்ரினை அனுப்பினார். பெரியத்தா என்று கூப்பிடும் அவள் பேச்சை மட்டும் ரஹீம் தட்டமாட்டார்.

"பட்டாவுல எல்லாத்து பேரும் சேக்கோணும் கண்ணு. பெரியத்தாவ ஆபீசுக்குக் கூட்டீட்டு வந்துரு" என்றார் இலியாஸ்.

அவளும் நம்பினாள். பெற்ற தகப்பனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

பத்திர ஆபீசில் அதிகாரி, "படிச்சுப் பாத்தீங்களா பெரியவரே?" என்று கேட்டார்.

"எம்புள்ள படிச்சிருச்சுங்க" என்றார் ரஹீம், பெருமை தாங்காமல்.

மெஹ்ரின் ஒரு வரிகூடப் படித்திருக்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டினாள். ரஹீம் கையெழுத்துப் போட்டார்.

பதினைந்தே நாளில், காட்டேஜ் கட்டப்போகிறோம் என்று வேலி போட ஆட்கள் வந்து இறங்கினார்கள். அன்றைக்குத்தான் அவள் பத்திர நகலைப் படித்தாள். அது விற்பனைப் பத்திரம். அதை இலியாஸ் முன்னால் வீசி எறிந்தாள்.

"என்னைய வெச்சே அவரு கழுத்த அறுத்துட்டீங்களே அத்தா!"

"வயசான காலத்துல அவருக்கு எதுக்கும்மா தோட்டம்? நம்மூட்டுல வெச்சுப் பாத்துக்கலாம்" என்றார் இலியாஸ், கொஞ்சமும் கூசாமல்.

அவள் பஸ் பிடித்து அரவேணுவுக்கு ஓடினாள். ரஹீம் பாதி கவாத்து வெட்டிய செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"சத்தியமா நான் படிக்கலீங்க பெரியத்தா. அத்தா சொன்னத நம்பிட்டேன்."

"அவனுக ஏமாத்துவானுகன்னு எனக்கு எப்பவோ தெரியும் புள்ள" என்றார் ரஹீம். "நீ படிச்சிருப்பீன்னு நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."

அழுதுகொண்டே அவர் கையைப் பிடிக்கப் போனாள். ரஹீம் கையை இழுத்துக்கொண்டார்.