மூன்று முறை கேட்க வேண்டிய சம்பளம்

விமலாதேவி சாப்பாட்டு மேசையில் இருந்த தலைக்கு ரோலர் சுற்றிக்கொண்டிருந்தார். கழுத்தோடு முடிந்துபோகிற பிளாஸ்டிக் தலை அது. முடிவெட்டும் தொழில் படிக்கிற கல்லூரியில் பழகுவதற்கென்று கொடுத்தது. பொன்னிற முடியில் ஒரு பிடி எடுத்து வாரி, நுனியை மெல்லிய தாளில் மடித்து, இறுக்கிச் சுற்றி, பின் குத்தி, அடுத்த பிடி. மேசையின் மறுபக்கத்தில் அவருடைய கணவர் வாசுதேவன் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாலு வாய்க்கு ஒருமுறை எழுந்து, அந்தப் பிளாஸ்டிக் தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னப்பா செய்யிறியள்? திருப்பாதையுங்கோ, எனக்கு வரிசை பிழைக்குது."

"நான் சாப்பிடுறதையே பாக்குது விமலா. பொல்லாத பார்வை."

"உங்கடை புட்டு அதுக்கு எதுக்கு? அதாலை வாயைத் திறக்க ஏலாது."

"அப்ப உம்மைப் போலத்தான். நீரும் சம்பளம் கேக்க வாயைத் திறக்கமாட்டீர்."

விமலாதேவி இன்னொரு ரோலரை எடுத்தார்.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. மெல்பேர்னின் புறநகரான நோபல் பார்க்கில் வீடு. பதினேழு வருடம் ஒரு கோழித் தொழிற்சாலையில் சிறகு வெட்டினார். நாள் முழுக்கக் குளிர் அறை, நாள் முழுக்கச் சிறகு. கடைசியில் மணிக்கட்டு வீங்கி, தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் தூக்க வேண்டி வந்தது. குளிரை விடாவிட்டால் கை போய்விடும் என்றார் டொக்டர். விட்டார். தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் முடி வெட்டிவிட்ட பழக்கம் இருந்ததால், அதையே தொழிலாகப் படிக்கச் சேர்ந்தார். வாரத்தில் ஒரு நாள் கல்லூரி, நாலு நாள் சலூனில் அப்ரென்டிஸ், அதாவது வேலை பழகுகிறவர். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. அவர்கள் அவரை 'விம்' என்று கூப்பிட்டார்கள். பாத்திரம் கழுவும் தூளின் பெயர் அது என்று அவர் சொல்லவில்லை. வெட்டுவதில் வகுப்பிலேயே முதல் ஆள் அவர்தான். கண்ணை மூடிக்கொண்டு கோழிச் சிறகின் மூட்டு இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்த விரலுக்கு, கதிரையில் ஆடாமல் இருக்கிற தலை ஒரு பொருட்டே அல்ல.

சலூன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில். முதலாளி சயந்தினிக்கு இருபத்தொன்பது வயது. மெல்பேர்னில் பிறந்தவள், நல்ல பிள்ளை, கணக்கில் மட்டும் மந்தம். சேர்ந்த அன்று அவள் முறையாகத்தான் கேட்டாள்.

"அன்ரி, சம்பளம் என்ன மாதிரி?"

"ஐயோ, காசென்ன பிள்ளை காசு. வேலை பழகினால் காணும்."

சொல்லிவிட்டு விமலாதேவி காத்திருந்தார். ஒருவர் தருவதை முதல் முறை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் முறை வற்புறுத்தினால் தலையை ஆட்டுவது அடக்கம். மூன்றாம் முறை, 'சரி, நீங்கள் விடமாட்டியள்' என்று வாங்கிக்கொள்வது. தேநீரோ மோதகமோ மொய்யோ, எல்லாம் இந்த வழியாகத்தான் வரும். ஆனால் சயந்தினி கண் கலங்கிப்போய், "ஓ அன்ரி, யூ ஆர் ஸோ ஸ்வீட்!" என்று கட்டிப்பிடித்தாள். இரண்டாம் முறை வரவே இல்லை.

அது நடந்து எட்டு மாதம். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு உறையில் பஸ் காசு என்று எண்பது டொலர் வந்தது. அதோடு ஷாம்பு வந்தது. வீட்டில் இப்போது நாற்பத்தொரு போத்தல் ஷாம்பு இருந்தது. வாசுதேவனுக்கோ காதுக்கு மேலே ஒரு முடி கிடையாது.

இதற்கிடையில் கோழித் தொழிற்சாலையின் பழைய மேற்பார்வையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். பகல் வேலையில் ஒரு இடம் காலி. வியாழன் காலைக்குள் சொல்ல வேண்டும். வீட்டுக்கடன் வாசுதேவனின் ஒற்றைச் சம்பளத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஆகவே விஷயம் எளிது: புதன் முடிவதற்குள் சயந்தினியிடம் சரியான சம்பளம் வாங்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி குளிர் அறை, மறுபடி சிறகு, கை போனால் போனதுதான்.

திங்கட்கிழமை முதல் முயற்சி. விமலாதேவி வாயைத் திறப்பதற்குள் சயந்தினி கடை வாடகையை நினைத்து அழ ஆரம்பித்தாள். அழுகிறவளிடம் காசு கேட்கலாமா? கேட்கலாம். அழுகையும் காசும் வேறு வேறு. ஆனால் விமலாதேவி தேநீர் போட்டுக் கொடுத்து, தலையைத் தடவி, தன் மத்தியானச் சாப்பாட்டையும் கொடுத்துவிட்டு வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்தார்.

செவ்வாய் கல்லூரி நாள். அது முடிந்ததும் நேராகச் சலூனுக்குப் போய், "வீட்டிலை கொஞ்சம் நெருக்கடி பிள்ளை" என்று ஜாடையாகச் சொன்னார். சயந்தினி உடனே மனம் இரங்கி மூன்று போத்தல் கண்டிஷனர் கொடுத்தாள்.

"கண்டிஷனரை வங்கிக்காரன் எடுப்பானோ எண்டு கேட்டுப் பாரும்," என்றார் வாசுதேவன். "மாசத் தவணைக்கு ஆறு போத்தல் எண்டால், எங்கடை வீட்டுக்கடன் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

புதன்கிழமை பிற்பகல் சந்திரவதனா வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாதத்துக்கு ஒருமுறை தலைக்குச் சாயம் போட வருவார், குரல் தெருமுனை வரை கேட்கும். விமலாதேவி சாயத்தைப் பூசி முடித்ததும் அவர் கைப்பையிலிருந்து ஐந்து டொலர் எடுத்து நீட்டினார்.

"இந்தாரும் விமலா, வைச்சிரும்."

"ஐயோ வேண்டாம் அக்கா."

"பிடியும்."

"சீச்சீ, என்னத்துக்கு அக்கா."

"பிடியும் எண்டு சொல்லுறன்!"

"சரி, நீங்கள் விடமாட்டியள்," என்று விமலாதேவி வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

பக்கத்துக் கதிரையில் துவாய் மடித்துக்கொண்டிருந்த சயந்தினி நிமிர்ந்து பார்த்தாள். "அன்ரி, வேண்டாம் எண்டு சொன்னீங்கள்தானே? பிறகு ஏன் எடுத்தனீங்கள்?"

"இதென்ன கேள்வி?" என்றார் சந்திரவதனா கண்ணாடியைப் பார்த்தபடி. "மூண்டு தரம் குடுக்க வேணும் பிள்ளை. முதல் ரெண்டு வேண்டாமும் கணக்கில்லை. உனக்கு வீட்டிலை ஒருத்தரும் சொல்லித் தரேல்லையே?"

சயந்தினியின் கையில் துவாய் பாதி மடிப்பில் நின்றது. அவள் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "அப்ப... அண்டைக்குச் சம்பளம் வேண்டாம் எண்டது?"

"அது முதலாம் தரம் பிள்ளை," என்றார் விமலாதேவி.

"எட்டு மாசமா நான் ரெண்டாம் தரம் கேக்கேல்லையா?"

"இல்லை."

"ஓ மை கோட். நான் நினைச்சன் உங்களுக்கு இது ஹொபி எண்டு! எல்லாருக்கும் சொன்னனான், எங்கடை அன்ரி ஹொபிக்கு வாறவா எண்டு!" அவள் துவாயைப் போட்டுவிட்டு எழுந்தாள். "அன்ரி, சரியான சம்பளம் தரட்டா?"

விமலாதேவியின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. "ஐயோ, வேண்..." என்று பாதி வந்துவிட்டது. பழகின வாய்க்குத் தடை போடுவது எளிதல்ல. அவர் கையிலிருந்த சாயத் தூரிகையின் காம்பைப் பல்லால் கடித்தார். சந்திரவதனா கண்ணாடிக்குள் இருந்து கண்ணை உருட்டினார்.

விமலாதேவி தூரிகையை வாயிலிருந்து எடுத்தார்.

"ஓம்," என்றார். "தாரும்."

பிறகு நிற்கவில்லை. எட்டு மாதமாகக் கைப்பையில் சுமந்த தாளை எடுத்து விரித்தார். கல்லூரியில் கொடுத்த கூலி அட்டவணை அது. இருபத்தொரு வயது தாண்டிச் சேரும் அப்ரென்டிசுக்குத் தனிக் கூலி. வகுப்புக்குப் போகிற நாளும் வேலை நாள்தான். கோடு போட்டு வைத்திருந்தார்.

சயந்தினி வாசித்தாள். "அன்ரி, இவ்வளவு தந்தால் கடை ஓடுமா?"

"பிள்ளை, உம்மடை கடையிலை புருவம் எடுக்க ஏழு டொலர். ரெண்டு கடை தள்ளிப் பன்னிரண்டு. சனம் உம்மட்டை ஏன் வருது? மலிவு எண்டு. ஏன் மலிவு? என்ரை சம்பளத்தை நீர் தாறேல்லை. நோபல் பார்க்கிலை எல்லாற்றை புருவத்துக்கும் மிச்சக் காசை நான்தான் கட்டுறன். என்ரை புருவம் எடுக்கவே என்னட்டைக் காசில்லை."

சந்திரவதனா புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நான் இல்லாமல் நீர் சமாளிப்பீரோ?" என்று விமலாதேவி தொடர்ந்தார். "நாளைக்குக் காலமை நான் கோழி வெட்டப் போனால், இந்த வாடிக்கையாளரை எல்லாம் தனியத்தான் பாக்க வேணும். அப்ப வாடகை என்ன செய்யும்?"

சயந்தினி கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினாள். விரல் போதவில்லை. சந்திரவதனா கதிரையில் இருந்தபடியே கணக்குச் சொன்னார்: புருவத்துக்குப் பதினொரு டொலர், வெட்டு ஒவ்வொன்றுக்கும் நாலு டொலர் கூட, சாயம் பத்து கூட, சம்பளத்தைக் கொடுத்தும் வாடகைக்கு மிஞ்சும். எட்டு மாதப் பாக்கியைக் கிழமைக் கிழமை சம்பளத்தோடு சேர்த்துக் கட்டுவது என்று பேசி முடித்தார்கள். சயந்தினி அதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தாள். சந்திரவதனா சாட்சி.

"எல்லாம் சரி," என்றார் சந்திரவதனா திடீரென்று. "என்ரை தலையை ஒருத்தர் கழுவுறியளோ? எரியுது!"

சாயம் அரை மணி கூடுதலாக ஊறிவிட்டது. கழுவிப் பார்த்தால், கபிலமாக வர வேண்டிய முடி நல்ல கத்தரிக்காய் நிறத்தில் மினுங்கியது. மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்கள். கோயிலுக்கு இனி முக்காடு போட்டுத்தான் போக வேண்டும் என்றார் சந்திரவதனா. இலவசமாகத் திருத்தித் தருகிறேன் என்று சயந்தினி மன்றாடினாள். சந்திரவதனா இரண்டு முறை வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை எட்டரைக்கு விமலாதேவி கடை வாசலில் நின்றபடியே கோழித் தொழிற்சாலைக்குப் பேசி, தான் வரவில்லை என்று சொன்னார். உள்ளே போய் ஸ்டூலில் ஏறி, சயந்தினி ஒவ்வொரு எண்ணாக எடுத்துத் தர, புதிய விலைகளைப் பலகையில் ஒட்டினார். ஒன்பது மணிக்கு வாடிக்கையாளர் நித்தியானந்தன் முடி வெட்ட வந்தார். எழுபத்தைந்து வயது. பலகையை மேலிருந்து கீழே இரண்டு தடவை வாசித்தார்.

"என்ன விமலா, நாலு டொலர் கூடக் கிடக்கு? என்ரை தலையிலை இருக்கிறதே நாற்பது மயிர்."

"ஓம் அண்ணை. மயிருக்குப் பத்துச் சதம் கூட. இருங்கோ."

அவர் முணுமுணுத்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தார். விமலாதேவி கழுத்தில் துணியைக் கட்டி, இடது காதோரத்தில் வெட்டத் தொடங்கினார்.