இரட்டைக் கோடு

தென்னூரில் ஒரு மரபணுப் பரிசோதனை மையத்தில் ஆலோசகராக இருந்த அந்த அம்மாவை எனக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. நரைத்த குட்டை முடி, மூக்கு நுனியில் கண்ணாடி. எங்கள் மகள் நடக்கும்போது ஏன் விழுகிறாள் என்று கேட்க ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால், குடும்பப் படம் வரைய உட்கார்ந்துவிட்டார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பென்சிலால் வரைவார், அழிப்பார், ரப்பர் தூளை எங்கள் பக்கமே ஊதுவார்.

“கல்யாணம் சொந்தத்துலயா?”

“இல்லைங்க. அசல்ல பண்ணினது.”

என் மனைவி என் அக்கா மகள். அதைச் சொன்னால், குழந்தையின் வியாதியை நாங்களே வரவழைத்தது போலப் பார்ப்பார்கள். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இருவரையும் சேர்த்து அவர் ஒற்றைக் கோடு போட்டார்.

மூன்று பேரின் ரத்தத்தையும் எடுத்து மரபணு முழுவதையும் படித்தார்கள். அறிக்கை வந்ததும் கூப்பிட்டார்.

“நீங்க ரெண்டு பேரும் நெருங்கின சொந்தம்னு ரிப்போர்ட்லயே தெரியுது சார். அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“அதைத் தெரிஞ்சுக்கவா ரத்தம் குடுத்தோம்? அவளுக்கு என்ன மருந்து, அதைச் சொல்லுங்க.”

“இதுக்கு இன்னும் மருந்து வரலைங்க.”

பிறகு பழைய படத்தை எடுத்து, எங்கள் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு இழுத்தார். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு அதுதான் அடையாளமாம். எல்லாவற்றையும் பென்சிலில் வரைந்தவர், அந்த ஒரு கோட்டை மட்டும் பேனாவால் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. இன்னும் மன்னிக்கவும் இல்லை.