நட்ட முடிக்குத் தண்ணீர்

முடி நடுவது டாக்டர் வேலை. நட்ட பிறகு கவலைப்படுகிறவர்களின் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது எங்கள் தோல், முடி கிளினிக். டாக்டர் சென்னையிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் வருவார். மற்ற நாட்களில் வரவேற்பில் பர்வீன், உள்ளே நான். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. இங்கே வருவதற்கு முன் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தேன். பிறந்த குழந்தைகளின் தலைக்கு ஊற்றிய கை இது. ஆள் முகம் பார்த்துப் பேச எனக்கு இன்றும் கூச்சம். இங்கே வருகிறவர்கள் எல்லோரும் குனிந்தே உட்காருவார்கள். உச்சந்தலையைப் பார்த்தே பேச்சை முடித்துவிடலாம். அதனால் ஒட்டிக்கொண்டேன்.

லோஷன் போடக் கற்றுக்கொடுப்பதும் நான்தான். ஒரு வேளைக்கு ஒரு மில்லி. மருந்தை உறிஞ்சி எடுக்கிற பில்லரில் கோடு இருக்கும். கோட்டுக்கு மேலேயும் கூடாது, கீழேயும் கூடாது. இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பில்லரைப் பிடித்தவர்களாக இருப்பீர்கள். மீதிப் பேர் விடிந்ததும் தலையணையைத் தடவிப் பார்க்கிறவர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள்

ஏழுமலை கீழ்பென்னாத்தூர்க்காரர். கடலை மூட்டை ஏற்றும் வேன் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டுகிறார். வயது முப்பத்து மூன்று. பெண் பார்க்கப் போன நான்கு வீட்டிலும், “பையனுக்கு வயசு ஜாஸ்தியோ?” என்று கேட்டார்களாம். அதன் பிறகுதான் எங்களிடம் வந்தார். தலையை மழித்து, பின்னந்தலையிலிருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து முன்னால் நட்டார்கள். வீட்டில் இருப்பது அம்மா ஒருத்திதான். அவளிடம் ஆந்திராவுக்கு லோடு போவதாகச் சொல்லிவிட்டு இங்கே லாட்ஜில் தங்கியிருந்தார். மொட்டைத் தலையோடு வீடு திரும்பும்போது திருப்பதிக்குப் போனதாகச் சொல்லிக்கொள்வாராம்.

மூன்றாம் நாள் முதல் தண்ணீர். நட்ட இடமெல்லாம் பொருக்குத் தட்டியிருக்கும். நுரையை வைத்து ஊறவிட வேண்டும். தண்ணீரை நேராக ஊற்றக் கூடாது. என் கையில் விழுந்து, கையிலிருந்து தலைக்கு வழிய வேண்டும். குழந்தையின் உச்சிக்குழிக்கு ஊற்றுகிற அதே பக்குவம். ஏழுமலை நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் சொன்னார்: “மெல்லம்மா. இப்பத்தான் கடலை போட்ட நிலம். மோட்டார் தண்ணியைத் தொறந்து விட்டுடாதீங்க.”

வாசலில் வாழைமரம்

நட்டவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புவேன். ஒன்று, நட்ட முடி முதலில் உதிரும். வேர் உள்ளே இருக்கும், சில மாதத்தில் திரும்ப வரும், பயப்பட வேண்டாம். இரண்டு, நட்டது நிற்கும், ஆனால் சுற்றிலும் இருக்கிற பழைய முடி நிற்காது. அதைக் காப்பாற்றத்தான் லோஷனும் மாத்திரையும், அதை நிறுத்தக் கூடாது. முதலாவதைக் கேட்டு எல்லோரும் பயப்படுவார்கள். இரண்டாவதை யாரும் காதில் வாங்குவதில்லை.

ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் மேனேஜராக இருப்பவர் அப்படித்தான் விட்டார். முடி முளைத்ததும் மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். அடுத்த வருஷம் வந்தபோது நெற்றியில் நட்டது மட்டும் வரப்பு மாதிரி நின்றது. அதற்குப் பின்னால் உச்சி வரை வெறும் தோல். வரிசையில் ஏழுமலையும் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் கண்ணாடியில் தன் தலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரையும் திட்டாமல் சொன்னார்: “வாசல்ல வாழமரம் கட்டியாச்சும்மா. உள்ள கல்யாணந்தான் நின்னுபோச்சு.”

பன்னீர் பாட்டில்

அன்றைக்கு ஏழுமலை பயந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு வேளை மருந்தைக்கூட விடவில்லை. ஆனால் அவர் வீட்டில் சாமான் வைக்க இருப்பது ஒரே அலமாரி. லோஷன் பாட்டிலில் தலைப் படம் போட்டிருக்கும், அம்மா பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் மருந்தைப் பழைய பன்னீர் பாட்டில் ஒன்றில் ஊற்றி, வாசனைக்குக் கொஞ்சம் பன்னீரும் கலந்து வைத்துக்கொண்டார். பச்சை மூடி போட்ட அந்தப் பாட்டிலை ஒரு நாள் என்னிடம் காட்டினார். மருந்தில் எதையும் கலக்கக் கூடாது என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார். தலையாட்டுகிற தலைகளை நான் நம்புவதில்லை.

தீபத்துக்குக் கொஞ்சம் முன்னால் நெற்றியில் முடி நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அம்மா அதிசயப்பட்டாள். ஒரு காலையில் அவர் அந்தப் பாட்டிலிலிருந்து எடுத்துத் தலையில் தேய்ப்பதையும் பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்டதற்கு, கிரிவலப் பாதையில் ஒரு சாமியார் கொடுத்த மருந்து என்று இவர் வாயில் வந்துவிட்டது. அடுத்த வாரம் ஒரு பையோடு கிளினிக்குக்கு வந்து என் மேசையில் வைத்தார். உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழமும் புது வேட்டியும் இருந்தன. “சாமியாருக்குன்னு அம்மா குடுத்தனுப்பிச்சாங்க. பழம் உங்களுக்கு, வேட்டி டாக்டருக்கு. நான் வேற யாருக்கும்மா குடுப்பேன்?”

வேண்டுதல்

போளூர்ப் பக்கத்தில் பெண் அமைந்தது. பெயர் கௌரி, வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறவள். தை மாதம் கல்யாணம். பத்திரிகை கொடுக்க வந்தவர் கல்யாணக் களையே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அம்மா அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாளாம்: என் பிள்ளைக்கு முடி முளைத்துக் கல்யாணமும் கூடிவந்தால், அந்த முடியையே உனக்கு இறக்குகிறேன் என்று. கல்யாணம் முடிந்து பங்குனியில், பெண் வீட்டார் எல்லோரையும் அழைத்துப் போய் மொட்டை போட வேண்டும்.

டாக்டர் சிரிக்கவில்லை. மழித்தால் முடி மறுபடி வளரும், வேருக்கு ஒன்றும் ஆகாது என்றார். ஆனால் முடி எடுத்த பின்னந்தலை முழுக்கப் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளி இருக்கும். முடி வளர்ந்தால் மூடிக்கொள்ளும்; மழித்தால் தெரியும். அதை மறைக்க மருந்து கிடையாது. ஏழுமலை பின்னந்தலையைத் தடவிக்கொண்டே எழுந்தார். பெண்ணிடம் இப்போதே சொல்லிவிடுங்களேன் என்று பர்வீன் சொன்னாள். அவர் பத்திரிகைக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். “சாமிக்கு எப்படியும் தெரியும்மா. அவங்க வீட்டுக்குத்தான் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.”

சந்தனம்

வழி சொன்னது பர்வீன்தான். “அண்ணே, மொட்டைக்குச் சந்தனம் பூசுவாங்க இல்ல? கம்மியா பூசாதீங்க. செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி பூசுங்க.”

பங்குனியில் மொட்டை போட்டபோது அப்படியே செய்தார். மறுநாள் தெம்பாக வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லையாம். போகிற போக்கில், ஒரு மாதத்துக்கு வருகிற மருந்து இப்போதெல்லாம் இருபது நாளில் தீர்ந்துவிடுகிறது என்றார். கோட்டுக்கு மேல் ஊற்றுகிறீர்கள் என்றேன். இல்லை என்று சத்தியம் செய்தார். இன்னொரு பாட்டில் வாங்கிக்கொண்டு கிளம்பியவரிடம், மாமனார் என்ன சொன்னார் என்று பர்வீன் விடாமல் கேட்டாள். படியில் நின்று, வராத சிரிப்பை வரவழைத்துக்கொண்டு சொன்னார்: “‘மாப்பிள்ளைக்கு மொட்டைதான் நல்லா இருக்குது, இப்படியே இருந்துடலாமே’ன்னாரு.”

களை

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வயதான அம்மாவும் மருமகளும் பஸ் ஏறி வந்தார்கள். மருமகள் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். விலக்கியபோது இரண்டு கன்னத்திலும் காதோரத்திலும் பூனை முடி கறுப்பாக இறங்கியிருந்தது. மீசை வைக்கிற இடத்திலும் கோடு. அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. முகத்துக்கு ஏதாவது போட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். மாமியார் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது பச்சை மூடி போட்ட பன்னீர் பாட்டில்.

“கெட்டது ஒண்ணும் இல்லீங்க. கிரிவலப் பாதையில ஒரு சாமியார் என் பையனுக்குக் குடுத்த மருந்து. அவனுக்கு நல்லது பண்ணுச்சேன்னு, இவ கன்னத்துல இருந்த கரும்புள்ளிக்கு நான்தான் பூசச் சொன்னேன். அவன் காலையில வண்டி எடுத்துட்டுப் போனதும் தினம் பூசிவிடுவேன். முகத்துக்குக் களை வரும்னு.”

பர்வீன் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தாள். டாக்டர் ஒரு சொட்டைப் புறங்கையில் விட்டுத் தேய்த்துப் பார்த்தார். இது சாமியார் மருந்து இல்லை, கடையில் விற்கிற முடி வளர்ப்பு லோஷன், இன்றோடு நிறுத்துங்கள், சில மாதத்தில் உதிர்ந்துவிடும் என்று மட்டும் சொன்னார். யார் பெயரையும் அவர் எடுக்கவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் சுவரில், நட்ட நெற்றியோடு, முடி எடுத்த பின்னந்தலையின் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. கௌரி தையல்காரி, புள்ளிக்குப் புள்ளி உற்றுப் பார்க்கிற கண். அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: “அத்தே, இவருக்கும் பின்னால இப்படித்தான் இருக்குது. சந்தனத்தைக் கழுவுனப்ப பாத்தேன். அம்மை போட்ட தழும்புன்னாரு.”

மாமியாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு டாக்டரை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். படத்தைக் காட்டி, அங்கே நட்டு வைக்கிற முடி யாருடையது என்று கேட்டாள். வேறு யாரோ ஒருவர் முடியைச் சாமிக்குக் கொடுத்துவிட்டோமோ என்ற பயம் அவளுக்கு. யாருக்கு வைத்தாலும் அவரவர் முடிதான், பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைப்பது என்றேன். அதில் அவள் சமாதானம் ஆவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்போ அண்ணாமலையார் ஒண்ணுமே குடுக்கலியா?”

ஆவணி

ஆடிக்குக் கௌரியை அவள் அப்பா வந்து அழைத்துப் போனார். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆவணி பிறந்தும் அவள் திரும்பி வரவில்லை. சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. முகத்தில் இருப்பது போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியனுப்பினாளாம். தைக்கக் கொடுக்க வருகிற பெண்களுக்குக்கூட அவள் கதவைத் திறப்பதில்லையாம்; ஜன்னல் வழியாகத் துணியை வாங்கி, ஜன்னல் வழியாகவே கொடுக்கிறாளாம்.

ஏழுமலை சோதனைக்கு வந்தார். மொட்டைக்குப் பிறகு வளர்ந்தது இத்தனை நன்றாக வந்து நான் பார்த்ததில்லை. நட்டதற்கும் பழையதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. கண்ணாடியை நீட்டினேன், வாங்கவில்லை. புது பாட்டிலை எடுத்து வைத்தேன். அதையும் என் பக்கமே தள்ளினார். வைகாசியிலேயே நிறுத்திவிட்டாராம். மாத்திரையையும் சேர்த்து. நட்டது நிற்கும், மற்றது போய்விடும், அந்த மேனேஜர் தலை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். எத்தனை மாதத்தில் போகும் என்று கேட்டார். அவள் முகத்தில் இருப்பது போக டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதே கணக்குத்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.  அவர் முன்பே கணக்குப் போட்டுவிட்டார் போலிருக்கிறது. குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “போகட்டும்மா. ரெண்டு பேருக்கும் ஒண்ணா உதிரட்டும்.”

தலையில் போடுகிற மருந்து தலையோடு நின்றுவிடும் என்று பாட்டிலில் எழுதியிருக்கிறவர்கள், எங்கள் ஊர் வீடுகளில் ஒரே அலமாரிதான் இருக்கிறது என்பதைப் பார்த்திருக்க மாட்டார்கள்.