அம்மாவின் நேயர் விருப்பம்

அந்தச் செம்புக் கம்பியை நினைத்தால் இப்போதும் என் உள்ளங்கை பிசுபிசுக்கிறது. எங்கள் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கிழக்குப் பக்கம், துணி காயப்போடும் கொடியோடு சேர்த்து அம்மா அதைக் கட்டியிருந்தாள். ஒரு முனை ரேடியோவின் ஏரியலில் சுற்றியிருக்கும். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சாயங்காலம் கடற்காற்று எழும்பும் நேரத்தில் கொழும்பிலிருந்து தமிழ் ஒலிபரப்பு கரகரவென்று வந்து சேரும். நான் கம்பியைப் பிடித்தால் கரகரப்பு அடங்கிக் குரல் தெளியும். விட்டால் போய்விடும். மனித உடம்பும் ஏரியல் மாதிரி வேலை செய்யும் என்று பிறகு பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் விளக்கினார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா கேட்கும் பாட்டு என் வழியாகத்தான் வருகிறது என்பது. அந்தப் பெருமையில் தோள் வலிக்க வலிக்க நின்றிருக்கிறேன்.

அம்மாவின் பாடகர் சினிமாவில் பாடுகிறவர் இல்லை. கொழும்பில் வளர்ந்து வெளிநாடு போய்விட்டவர். பொப்பிசைப் பாடகர் என்று அறிவிப்பாளர் சொல்வார், பாப் பாட்டை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் கடற்கரையில் கல்யாண வீடுகளில் கொட்டும் மேளத்தைப் போல ஒரு துள்ளல் அவருடைய பாட்டுகளில் இருக்கும். நடுவில் திடீரென்று எல்லா வாத்தியமும் நின்று, அவர் மட்டும் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கும். அந்த மூச்சுக்காகவே அம்மா காத்திருப்பாள். அந்த நேரத்தில் யாரும் இருமக் கூடாது, படியில் ஏறக் கூடாது, அடுப்பில் சோறு பொங்கினாலும் இறங்கிப் போகக் கூடாது. ஒருமுறை நான் தும்மியதற்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். எதிர்வீட்டுக்காரி தன் மாடியில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கூப்பிடுவாள்.

"ஏளா, ஒம் மாப்பிள்ள வந்துட்டாரா ரேடியோவுல?"

"வந்துட்டாரு, வந்துட்டாரு. ஒனக்கு வயித்தெரிச்சலா இருந்தா கீழ போய் மோரு குடி."

அப்பா வீட்டில் இருந்தால் அவரும் சிரிப்பார். அவர் தோணியில் வேலை பார்த்தார். தோணி என்றால் தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வரும் பெரிய மரக்கலம். போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். "நான் கடல்ல கெடக்கும்போது இவளுக்குத் துணைக்கு ஒரு ஆளு இருக்கு. சோறு கேக்க மாட்டான், சண்ட போட மாட்டான். எனக்கும் நிம்மதி" என்பார். நல்ல மனிதர். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்குத்தான் எரிச்சலாக வரும். துணைக்கு நான் இருந்தேனே.

தோணி புறப்படும்போதெல்லாம் அம்மா ஒரு கார்டு எழுதி அப்பாவிடம் கொடுப்பாள். நேயர் விருப்பத்துக்கு. இங்கிருந்து தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேருமோ என்று, கொழும்பில் இறங்கி அந்த ஊர்த் தபால்தலை ஒட்டிப் போடச் சொல்லுவாள். அப்பா அதை வேட்டி மடிப்பில் நனையாமல் கொண்டுபோவார். கடல் கடந்து போன கார்டு, என்றாவது ஒரு சாயங்காலம் குரலாகத் திரும்பி வரும். எங்கள் தெருவில் வேறு யாருக்கும் வாய்க்காத அதிசயம் அது. வானொலியில் தூத்துக்குடி என்று சொன்னதும் எதிர்வீட்டுக்காரியே கருவாட்டை விட்டுவிட்டுக் காதைத் தீட்டுவாள்.

அந்த நிகழ்ச்சியில் பாட்டுக்கு முன்னால் பெயர்களை வாசிப்பார்கள். இந்தப் பாடலை விரும்பிக் கேட்பவர்கள் என்று ஆரம்பித்து, அப்பா, அம்மா, தம்பி, தங்கை, பக்கத்து வீட்டு மாமா, இன்னும் பிறக்காத குழந்தை வரைக்கும் சொல்லுகிற ஆட்கள் உண்டு. ஒரு முழுக் குடும்பமும் வரிசையாக நிற்பதைப் போல இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து போன கார்டில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அம்மாவின் பெயர். அதுவும் அப்பாவின் பெயரை ஒட்டாமல், கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இருந்த மாதிரி வெறும் பெயர். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பெயர் வருமா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருப்பேன். அம்மாவின் பெயரை அறிவிப்பாளர் வாசித்து முடித்ததும் ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளியில் நான் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். அதற்குள் பாட்டு தொடங்கிவிடும்.

அப்பா ஒருமுறை கார்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பிள்ள பேரையும் ஒரு ஓரத்துல எழுதேன்ளா. ஆசையா நிக்காள்ல."

"பாட்டு கேக்கது நானு. அவ பேரு எதுக்கு?" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. உப்பு எவ்வளவு போட வேண்டும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் நான் மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பாடகருக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை என்று வானொலியில் செய்தி வந்தது. அம்மா மாதா கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தி, அவர் திரும்பப் பாடும்வரை மீன் தொட மாட்டேன் என்று நேர்ந்துகொண்டாள். கடற்கரை வீட்டில் மீன் இல்லாமல் சமைப்பது என்றால் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தோணியிலிருந்து திரும்பிய அப்பா தட்டில் கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு, "யாருளா செத்துப் போனா?" என்றார். அதே நாட்களில் எனக்குக் காதில் சீழ் வைத்திருந்தது. அம்மா டாக்டரிடம் கூட்டிப்போனாள், சொட்டு மருந்து தவறாமல் விட்டாள், எல்லாம் செய்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் காதுக்குச் சொட்டு மருந்து, அவர் தொண்டைக்கு நேர்ச்சை. இந்தக் கணக்கை நான் இத்தனை வருடமாக மனதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். இது சின்னத்தனம் என்று எனக்கே தெரியும். போடாமல் இருக்கத்தான் முடியவில்லை.

நான் நன்றாகப் படித்தேன். துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சாத்தான்குளத்தில் கல்யாணம் முடிந்தது. பிள்ளை உண்டானதும் ஒன்றை மட்டும் உறுதியாக நினைத்துக்கொண்டேன், என் பிள்ளை எதற்காகவும் என் முகத்தைப் பார்த்துக் காத்து நிற்கக் கூடாது என்று. புத்தகங்கள் வாங்கினேன். குழந்தை எப்போது தலை நிற்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தேன். வேலையை விட்டேன். விட்டது சரிதானா என்று தினமும் யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன்.

பிரசவத்துக்குத் தூத்துக்குடிக்கு வந்தேன். அம்மா பத்தியச் சாப்பாடு, வெந்நீர், பிள்ளைக்குக் குளிப்பாட்டு எல்லாம் முறையாகச் செய்தாள். அந்தச் சமயத்தில்தான் அவளுடைய பாடகருக்கு மறுபடி ஒரு காலம் வந்தது. பழைய பாட்டு ஒன்றை யாரோ பிள்ளைகள் ரீல்ஸில் ஆடிப் போட, ஊரெல்லாம் அதுதான் ஓடியது. அறுபதைத் தாண்டிய மனிதர் மேடை ஏறக் கிளம்பிவிட்டார். திருநெல்வேலியில் கச்சேரி. அம்மா வாட்ஸப்பில் ஒரு ரசிகர் குழுவில் இருந்தாள். ஓய்வுபெற்ற நர்ஸ், ஒரு பேக்கரிக்காரர், தபால் அலுவலகத்தில் இருந்த ஒருவர். எல்லோரும் சேர்ந்து வேன் பிடித்திருந்தார்கள். எங்கள் ஊரில் பெயர்போன முந்திரி மக்ரூன் இனிப்பு ஒரு பெட்டி வாங்கி, நொறுங்காமல் பஞ்சு வைத்துக் கட்டி, அதை அவர் கையில் கொடுப்பது யார் என்று குழுவில் சண்டைகூட நடந்தது.

கச்சேரி நாளைக்கு முந்தின நாள் பிள்ளைக்கு ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்டிருந்தோம். விடிந்ததும் காய்ச்சல். உடம்பு கொதித்தது. நான் தெர்மாமீட்டரை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். மத்தியானம் அம்மா பச்சைப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு வந்து நின்றாள். எனக்குக் கல்யாணம் நடந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி இருக்கவில்லை.

"போறியாம்மா?"

"ஊசிக் காய்ச்சல்தாம்ளா. ராத்திரிக்குள்ள எறங்கிரும். சொட்டு மருந்து ஊத்து, துணி நனச்சுத் தொடச்சு விடு. அப்பா இருக்காக."

"பிள்ள இப்படிக் கெடக்கும்போது ஒனக்கு எப்படி மனசு வருது?"

அம்மா குனிந்து பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கையை நிதானமாக வைத்துத்தான் பார்த்தாள். "ஒனக்கும் இதே காய்ச்சல் வந்துச்சு. நீ நல்லாத்தான் இருக்க" என்றாள். வேனில் ஹாரன் அடித்தார்கள். போய்விட்டாள். "போகட்டும்ளா, நான் இருக்கேம்லா" என்று அப்பா பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அம்மா சொன்ன மாதிரியே பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மாறாக ஆத்திரமாக வந்தது. இன்னும் கொஞ்சம் நேரம் காய்ந்திருந்தால் அவள் செய்தது தப்பு என்று ஆகியிருக்கும். ஒரு தாய் இப்படி நினைப்பாளா என்று உடனே பதறி, பிள்ளையை அணைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்மா வந்தாள். முகம் அப்படியே எரிகிற விளக்கு மாதிரி இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. கச்சேரி முழுக்கக் கத்தியும் கூடப் பாடியும் குரல் மொத்தமாகப் போயிருந்தது. பிள்ளை அழுதபோது தொட்டிலை ஆட்டினாளே தவிர ஒரு ராராரோகூட அவளால் சொல்ல முடியவில்லை. குரலை அங்கே கொட்டிவிட்டு வந்திருந்தாள். எனக்கு அவள் பாடிய ஞாபகமே இல்லை. என் பிள்ளைக்கும் இல்லாமல் போயிற்று.

அன்றைக்குக் கேட்டுவிட்டேன். துணி மடித்துக்கொண்டே, வேறு எதையோ கேட்பது மாதிரி. "அந்தக் கார்டுல என் பேர ஒருவாட்டியாவது எழுதியிருக்கலாம்லா?"

முதலில் அவளுக்கு எந்தக் கார்டு என்றே புரியவில்லை. சொன்னதும் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். இல்லாத குரலில், நான் உதட்டைப் பார்த்தால்தான் விளங்கும்படி சொன்னாள். "ஒம் பேரப் போட்டா, பிள்ளைக்காகக் கேக்கான்னு சொல்லுவாங்க. எனக்காகத்தான்ளா கேட்டேன்."

வருத்தப்பட்டோ மன்னிப்புக் கேட்கிற மாதிரியோ அவள் சொல்லவில்லை. நியாயம் பேசுகிற மாதிரியும் இல்லை. அந்தச் சொல்லை நான் எத்தனையோ பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டேன். சில நாள் அவள் சொன்னது புரிகிற மாதிரி இருக்கும். அவளுடைய சமையல், சேலை, தூக்கம் எல்லாவற்றிலும் நாங்கள் இருந்தோம், அந்தப் பாட்டு ஒன்றில்தான் இல்லை. பிள்ளை தூங்காத நாட்களில் அந்தப் புரிதல் எங்கே போகிறது என்று தெரியவில்லை. கம்பி பிடித்தது நான்தானே என்றுதான் அப்போது தோன்றும்.

பிள்ளையோடு சாத்தான்குளத்துக்குத் திரும்பிச் சில மாதம் கழித்து அம்மா போன் செய்தாள். நாகர்கோவிலில் கச்சேரியாம். எடுத்த எடுப்பில், "டிக்கெட்டு ரெண்டு எடுத்துருக்கேன். வாரியா?" என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் என்னை எதற்கும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"பிள்ளைய யாரு பாப்பா?" என்றேன்.

"சரி" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மாமியார் தலை நிமிர்ந்து, "நான் என்ன செத்தா போயிட்டேன்? ஒருநாளு நான் பாக்க மாட்டனா? போயிட்டு வாயேன்ளா, ஒங்கம்மா ஆசையா கூப்புடுதாக" என்றார்.

பிள்ளைக்குப் பல் முளைக்கிற நேரம், வயிறு சரியில்லை என்றேன். அது உண்மைதான். திரும்ப அம்மாவைக் கூப்பிடவில்லை.

கச்சேரி அன்று சாயங்காலம் ஒரு படம் அனுப்பினாள். நன்றாக எடுக்கத் தெரியாமல் கையை நீட்டித் தானே எடுத்தது. பாதி முகம், நெற்றி, மல்லிகைப்பூ. பின்னால் மேடை விளக்குகள். கூட்டம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது, ஓரத்தில் நின்றுகொண்டிருந்தவர்கள்கூட இருந்தார்கள். அம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் மட்டும் ஆள் இல்லை. அதில் அவள் கைப்பையை வைத்திருந்தாள். வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி ஒரு கையையும் அதன்மேல் வைத்திருந்தாள்.