தம்பியின் சிவப்புக் காருக்கு நாலு எலுமிச்சம்பழம்

(மாமாவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்காக, பக்கத்து வீட்டு அன்ரியுடன் அம்மா கதைத்ததைக் கசற்றில் பதிந்து அப்படியே எழுதியிருக்கிறேன். — மகள்)

காரை வாங்க வந்தவங்கள் எல்லாரும் கள்ளர் எண்டுதான் நான் நினைச்சனான், பிள்ளை. ஒருத்தன் வந்ததும் வராததுமா எஞ்சினுக்குள்ளை தலையை விட்டான். இன்னொருத்தன் விளக்கை மட்டும் தடவித் தடவிப் பாத்தான். கழட்டி விக்கிறவங்கள்! தம்பி ஆஸ்பத்திரியிலை என்ரை கையைப் பிடிச்சுச் சொன்னது உதுதானே: "அக்கா, ஆருக்கும் குடுங்கோ. பிரிச்சு விக்கிறவனுக்கு மட்டும் குடுத்திடாதேங்கோ."

உயிரோடை இருக்கேக்கை "வாடா" எண்டனான். இப்ப "அவர்" எண்டுதான் வாயிலை வருது. சாவகச்சேரியிலை பிறந்தவர். கப்பலிலை எஞ்சின் பாத்து, பேந்து இஞ்சை சுவிஸிலை, ஓல்டனிலை கராஜ் வேலை. கலியாணம் கட்டேல்லை. ஆரோ ஒரு பண்ணைக்காரன் கறள் பிடிக்க விட்ட அமெரிக்கன் காரைக் கொண்டந்து, சனிக்கிழமையளிலை தட்டி நிமித்திச் சிவப்படிச்சவர். நீட்டு மூக்கு, ரெண்டே கதவு. பின்சீற்றிலை நான் ஏறினால் இறக்க ரெண்டு பேர் வேணும். "அக்காவுக்கு ஒரு கிரேனும் வாங்கோணும்" எண்டு சிரிப்பார்.

கடைசியா ஒரு சுவிஸ்காரக் கிழவன் தொப்பியோடை வந்தான். அவன் ஓடிப் பாக்கமுதல், தம்பி வைக்கிற மாதிரி நாலு சில்லுக்கும் கீழை எலுமிச்சம்பழம் வைச்சன். கிழவன் குனிஞ்சு நாலையும் பொறுக்கி, கைலேஞ்சியாலை துடைச்சு என்ரை கையிலை தந்தான்! என்ரை பையிலையிருந்து விழுந்ததெண்டு நினைச்சிட்டான். நான் திரும்ப வைச்சன். அவன் திரும்பப் பொறுக்கினான்.

"உவன் ஓடுறதுக்கு வாங்கேல்லை, குடுக்காதை" எண்டு மகளிட்டைச் சொன்னன்.

"பொறுங்கோ அம்மா" எண்டு மகள் அவனுக்கு விளங்கப்படுத்தினாள். கிழவன் தொப்பியைக் கழட்டினான். முழங்கால் குத்தி, தன்ரை கையாலை ஒவ்வொண்டா வைச்சு, சரியோ எண்டு என்னைப் பாத்தான். அவன் காரை எடுக்க நாலும் நசிஞ்சுது. எனக்கெண்டால் ஒரே புழுகம், சிரிச்சிட்டன்!

எண்டாலும் ஆரை நம்பிறது? மாசம் ஒருக்கா கொண்டந்து காட்டோணும் எண்டுதான் குடுத்தனான். நான் காரைச் சுத்திச் சுத்திப் பாப்பன். "அம்மா, நீங்கள் என்ன பொலிஸோ?" எண்டு மகள் நக்கலடிப்பாள். கிழவன் கதவைத் திறந்து விடுவான். போன முறை பழமும் அவனே கொண்டந்தவன்.

தம்பியைப் பாத்த நேர்ஸ்மாருக்கும், செத்தவீட்டண்டு சமைச்சுத் தந்த உனக்கும், வந்த எல்லாருக்கும் கும்பிடு. அந்தக் கிழவனையும் மலரிலை போடச் சொல்லு மகளிட்டை...

இந்தா, கீழை ஹோர்ன் அடிக்குது. தேத்தண்ணியைக் குடி பிள்ளை, நான் காரிலை விளக்கு ரெண்டும் கிடக்கோ எண்டு பாத்திட்டு வாறன்.