கெட்டியாப் போயிருக்கு, அக்கா!

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆம்பூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். தட்டில் பிரியாணி. முதல் வாய் எடுத்து வைக்கப் போகிறேன்... வீடியோ கால்.

கணியம்பாடியிலிருந்து என் சித்தி பெண் ஸ்டெல்லா. ஆன் செய்தால் அவள் முகத்தைக் காணோம். ஸ்க்ரீன் முழுக்கக் கறுப்பாக, உருண்டை உருண்டையாக ஏதோ. பின்னாலிருந்து அவள் கூச்சல் மட்டும்: "அக்கா, பாருங்க! கெட்டியாப் போயிருக்கு! ஸ்தோத்திரம்... அத்தனையும் கெட்டி!"

பக்கத்து நாற்காலியிலிருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா ஆசையாக எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா அது, பேரீச்சம்பழமா?"

நான் என்னவென்று சொல்வேன்? பன்றிக்குட்டிகளின் சாணம் என்று சொல்லி ஒரு நல்ல மனுஷியின் சாப்பாட்டைக் கெடுப்பதா? "ஆமாங்க, ஸ்பெஷல் ஐட்டம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிரியாணி காரம் என்று நினைத்திருப்பார். இல்லை, சந்தோஷத்தில் அழுதேன்.

சிரிக்காதீர்கள். சங்கதியைக் கேளுங்கள்.

ஸ்டெல்லா பல வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் பசை ஒட்டும் லைனில் நின்றவள். அந்த நெடியும் வேண்டாம், டார்கெட்டும் வேண்டாம் என்று வேலையை விட்டாள். வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பன்றி வளர்க்க ஆரம்பித்தாள். தாய்ப் பன்றி ஜோராகக் குட்டி போட்டது. பால் குடிக்கிறவரை குட்டிகளும் கொழுகொழுவென்றுதான் இருந்தன. பாலை மறக்கடித்துத் தீனிக்கு மாற்றியதும் பிடித்தது சனியன் — கழிச்சல். தண்ணீர் தண்ணீராகப் போய், முதுகெலும்பு தெரிந்து, ஒவ்வொன்றாகச் செத்தன. இரண்டாவது ஈற்றிலும் அதே கதை.

அவள் புருஷன் மணி கறாராகச் சொல்லிவிட்டார்: "தோ பாரு, அடுத்த ஈத்தும் போச்சுன்னா எல்லாத்தையும் வித்துட்டுக் கம்பெனிக்கே போய்டு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிட்டேன்."

அவள் என்ன சும்மாவா இருந்தாள்? குட்டிகளுக்குச் சத்து வேண்டும் என்று வைட்டமின் பவுடர் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். கல்யாண மண்டபத்து மிச்சச் சோறுதான் தீனி. கிருமி சாக வேண்டுமே என்று அதை அண்டாவில் தளதளவென்று கொதிக்க வைப்பாள். அந்தக் கொதியிலேயே பவுடரைக் கொட்டிக் கிண்டுவாள். தெருக்கோடி வரைக்கும் வைட்டமின் வாசனை! "நல்ல சரக்குதான்" என்று மணியே சர்டிபிகேட் கொடுத்திருந்தார்.

மூன்றாவது ஈற்றுக்குப் பால் மறக்கடிக்கும் நேரம் நெருங்கியது. அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, தள்ளி நின்றுதான்! கிண்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அக்கா... வாசன தெருவெல்லாம் வீசுதே. அப்போ அண்டாவுல இன்னா மிச்சம் இருக்கும்?"

அடிப் பாவி, நியாயமான கேள்வி! உடனே கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் முதலில் சிரித்தார். அப்புறம் திட்டினார்.

"கொதிக்கறதுல போட்டா சத்து நிறைய வீணாப் போய்டும்மா. ஆறவிட்டுக் கலக்கணும். அதவிட முக்கியம், அந்த எண்ணெய்ச் சோறு குட்டிங்களுக்கு ஆகாது. அதுங்க குடல் இன்னும் பழகல. குட்டிக்குன்னு இருக்கற தீவனத்த, பால் குடிக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கு. தண்ணி சுத்தமா, தரை ஈரமில்லாம இருக்கணும். வைட்டமின் ஒண்ணும் மந்திரம் இல்ல, புரிஞ்சுதா?"

எனக்குச் சுருக்கென்றது. நாம் மட்டும் என்ன ஒழுங்கு? மார்க் குறைந்து பிள்ளை வந்து நிற்கும்போதுதான், நாமும் கொதித்துக்கொண்டு அத்தனை புத்திமதியையும் அள்ளிக் கொட்டுகிறோம். தெருக்கோடி வரைக்கும் கேட்கிறது. பிள்ளைக்குள் எதுவும் இறங்குவதில்லை. கொஞ்சம் ஆறட்டும் என்று இருந்தால் குடியா முழுகிவிடும்?

ஸ்டெல்லா டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் செய்தாள். தாயைப் பிரித்த நாளிலிருந்து விடிந்ததும் கொட்டகைக்கு ஓடித் தரையைத்தான் பார்ப்பாள். கழிச்சல் வருகிற நாட்களெல்லாம் தாண்டிப் போயின. அந்த வெற்றிச் செய்திதான் பிரியாணித் தட்டுக்கு வந்து சேர்ந்தது.

ரிசப்ஷன் முடிந்ததும் வேலூர் வந்து கணியம்பாடிக்குப் பஸ் மாறினேன். அடடா, என்ன ஆட்டம்! பதினோரு குட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறித் தொட்டியை முட்டித் தள்ளுகின்றன. ஒன்றுகூடச் சாகவில்லை! எனக்கு மூக்கைப் பொத்தவே தோன்றவில்லை. ஸ்டெல்லாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் போன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னா ஸ்டெல்லா, நாளைலேர்ந்து வந்துடறியா? ஆள் கம்மி. உன் வீட்டுக்காரர்கூடச் சொல்லியிருந்தாரே?"

அவள் போனைக் குட்டிகள் பக்கம் நீட்டினாள். வீல் வீலென்று ஒரே கூச்சல்.

"கேக்குதா சார்? அத்தனையும் பசின்னு கத்துதுங்க. நான் வந்துட்டா இதுங்களுக்கு யாரு போடுவா? வேற ஆளப் பாத்துக்கோங்க சார்."

கட் செய்துவிட்டாள்.

மணி தண்ணீர் வாளியோடு என் பக்கம் வந்தார். முகமெல்லாம் பெருமை. "நான் அப்பவே சொல்லல, இவ ஜெயிச்சிடுவான்னு?"

பெண்டாட்டி ஜெயித்ததும் புருஷனுக்கு வருகிற மறதி இருக்கிறதே... அதற்குத்தான் இன்னும் ஒரு வைட்டமினும் வரக் காணோம்!