‘மு’ ஒண்ணுதான் குறைச்சல்

முதியோர் இல்லத்தில் அவளுக்குப் ‘பட்டாசு’ என்றே பேர்; சட்டென்று வெடித்துவிடுவாள். பெரியவர்களைக் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, படுக்க வைப்பது அவள் வேலை. பிழைக்க வந்த அந்த நாட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சுதான் பேச்சு. பிரெஞ்சு வாய்மொழித் தேர்வில் தேறினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று.

மாலை பிரெஞ்சு வகுப்பில் டீச்சர் கேட்டார். “காலையில என்னென்ன செய்வீங்க, சொல்லுங்க பார்ப்போம்.”

பட்டாசு மளமளவென்று ஆரம்பித்தாள். “ஜு லேவ், ஜு லாவ், ஜு குவாஃப்...”

“நிறுத்துங்க, நிறுத்துங்க. எழுப்புறேன், கழுவுறேன், தலை வாருறேன்னு சொல்றீங்க. யாருக்கு? நமக்கே செஞ்சுக்கிறதுன்னா நடுவுல ஒரு ‘மு’ வரணும். ஜு மு லேவ், ஜு மு லாவ்.”

வகுப்பே சிரித்தது. அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“யாருக்கா? வீட்டுக்காரரை எழுப்பிவிடுறேன். பிள்ளைங்களுக்கு மூஞ்சி கழுவிவிடுறேன், தலை வாரிவிடுறேன். அப்புறம் வேலைக்கு வந்து அதையே செய்றேன். இதுல என்ன தப்பு டீச்சர்?”

“தப்பில்லம்மா. ஆனா நான் கேட்டது உங்களைப் பத்தி.”

பஸ்ஸில் வரும்போது தமிழில் சொல்லிப் பார்த்தாள். வாரிக்கிறேன், உடுத்திக்கிறேன், படுத்துக்கிறேன். அட, நம்ம பேச்சிலும் அந்த ‘மு’ ஒரு ‘க்கி’யாக இருக்கத்தானே செய்கிறது! அவள் வாயில்தான் எந்நேரமும் ‘விடுறேன், விடுறேன்’. என்ன அநியாயம் இது!

வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே ‘மு, மு’ என்று சொல்லிப் பழகினாள்.

“என்ன, மூக்கடைப்பா?” என்று சோபாவில் படுத்தபடி கேட்டார் வீட்டுக்காரர். “அப்படியே ஒரு டீ போடேன்.”

தேர்வில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்? அவள் ‘மு’வை மறக்காமல் சொன்னாள்.

“ஜு மு ரப்போஸ்.” ஓய்வெடுத்துக்கிறேன்.

“அருமை! துளி பிசகில்லை,” என்று பூரித்துப்போய்த் தேர்ச்சி போட்டுவிட்டார்.

சந்தோஷமா வரும்? பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு ஞாயிறாவது உட்கார்ந்திருப்பாளா? உள்ளதைச் சொன்னால் ஊரே சிரிக்கிறது, பச்சைப் பொய்க்கு அருமையாம்!

அடுத்த ஞாயிறு சாப்பிட்டு முடித்ததும், வீட்டுக்காரருக்கு முன்னாலேயே போய் சோபாவில் காலை நீட்டினாள்.

“ஏய், என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?”

“கல்லு மாதிரி இருக்கேன்.”

“அப்ப டீ?”

“போட்டுக்கங்க.”

“நாளைக்குச் சட்டை?”

“தேய்ச்சுக்கங்க.”

அவர் அடுப்படி வாசலில் நின்று திருதிருவென்று விழித்தார். “டீத்தூள் எங்கம்மா இருக்கு?”

அவள் கண்ணைத் திறக்கவேயில்லை.

“தேடிக்கங்க.”